படமும் ஒலியும் ஒரே எண்ணிக்கையில்

என்னிடம் உள்ள 16 மி.மீ. பயிற்சிப் படம் ஒன்றில் தச்சர் ஒருவர் பலகையில் ஆணி அடிக்கிறார். படம் ஒரு சுருளிலும், அதன் ஒலி அதே அகலமுள்ள, ஓரத்தில் அதே போல் துளையிட்ட காந்தச் சுருளிலும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஓட்ட நான் முதலில் செய்த ஏற்பாடு மிக எளியது. புரொஜெக்டருக்கு ஒரு தூண்டல் மோட்டாரையும், ஒலிக் கருவிக்கு அதே அளவுள்ள இன்னொரு தூண்டல் மோட்டாரையும் பொருத்தினேன். இரண்டின் தகட்டிலும் நிமிடத்துக்கு 1440 சுற்று என்று பொறித்திருந்தது. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்குச் சரியாக 1440 ஃபிரேம் ஆகிறது. எனவே ஒரு சுற்றுக்கு ஒரு ஃபிரேம் என்று கணக்கு கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டு மகிழ்ந்தேன்.

முதல் நிமிடத்தில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. இரண்டாம் நிமிட முடிவில் சுத்தியல் தச்சரின் தோளுக்கு மேல் உயர்ந்திருக்கும்போது அடியின் ஓசை கேட்டது. நான்காம் நிமிடத்தில் வியக்கத்தக்க வகையில் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. சுத்தியல் ஆணியின் தலையைத் தொடும் அதே கணத்தில் ஓசை எழுந்தது. பிறகு தச்சர் சுத்தியலைக் கீழே வைத்தார். ஒலிபெருக்கியில் இன்னும் ஓர் அடி விழுந்தது.

அளந்து பார்த்தபோது காரணம் விளங்கியது. புரொஜெக்டர் மோட்டார் நிமிடத்துக்கு 1452 சுற்றும், ஒலிக் கருவியின் மோட்டார் 1446 சுற்றும் ஓடிக்கொண்டிருந்தன. நிமிடத்துக்கு 6 ஃபிரேம் வீதம் ஒலி பின்தங்கி, நான்கு நிமிடத்தில் 24 ஃபிரேம், அதாவது முழுதாக ஒரு விநாடி, பிந்தியிருந்தது. தச்சர் ஏறத்தாழ விநாடிக்கு ஓர் அடி வீதம் அடித்ததால், முந்தைய அடியின் ஓசை அடுத்த அடியின் படத்தோடு வந்து பொருந்தியதை நான் ஒத்திசைவு என்று நம்பிவிட்டேன். நான்கு துருவத் தூண்டல் மோட்டாரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழல்கிறது. மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டு சற்றுப் பின்னால் வருகிறது. எவ்வளவு பின்னால் என்பது அது இழுக்கும் சுமையைப் பொறுத்தது. தகட்டில் உள்ள 1440 என்பது முழுச் சுமையில் எதிர்பார்க்கப்படும் வேகமே தவிர, மோட்டார் எப்போதும் அதையே காக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஒரு ஃபிரேம் என்பது 41.67 மில்லி விநாடி. ஒளிபரப்புக்கான பன்னாட்டுப் பரிந்துரையான ஐ.டி.யு. பி.டி. 1359, ஒலி படத்தை 45 மில்லி விநாடி முந்தினாலோ 125 மில்லி விநாடி பிந்தினாலோ பார்வையாளர் அதை உணரத் தொடங்குகிறார் என்று வரையறுக்கிறது. முந்துவதை நாம் இவ்வளவு விரைவில் கண்டுபிடிப்பதும் பிந்துவதை இவ்வளவு பொறுத்துக்கொள்வதும் இயல்பானவையே. தொலைவில் நடக்கும் எதிலும் ஒலி ஒளிக்குப் பின்னால்தான் வந்து சேர்கிறது, ஒரு ஃபிரேம் நேரத்தில் அது சுமார் 14 மீட்டர்தான் கடக்கிறது. ஆக, எனக்கு இருந்த இடைவெளி முன்பக்கம் ஒரு ஃபிரேம், பின்பக்கம் மூன்று ஃபிரேம். 400 அடி நீளமுள்ள 16 மி.மீ. சுருளில் 16,000 ஃபிரேம்கள் இருக்கின்றன. அது 11 நிமிடத்துக்கும் சற்று அதிகமாக ஓடும். அவ்வளவு நேரமும் மூன்று ஃபிரேமுக்குள் நிற்க வேண்டுமென்றால் இரு மோட்டார்களின் வேக வேறுபாடு பத்தாயிரத்தில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது.

இந்த இடத்தில் வேகத்தை இன்னும் நுட்பமாகக் கட்டுப்படுத்தலாம் என்றே முதலில் எனக்கும் தோன்றியது; அதில் ஒரு மாதத்தைச் செலவிட்டேன். வேகத்தில் உள்ள சிறு பிழை, இடத்தில் நாளும் பொழுதும் கூடிக்கொண்டே போகும் பிழையாக மாறுகிறது என்பதை அந்த மாதம் எனக்கு உணர்த்தியது. பிழையைப் பாதியாக்கினால் படம் கெடுவதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும், அவ்வளவுதான். வேகத்தை மட்டும் அறிந்த கருவிக்குத் தான் ஏற்கெனவே எத்தனை ஃபிரேம் பின்தங்கியிருக்கிறது என்பது தெரியாது. அதனால் அந்தக் கடனை அது ஒருபோதும் தீர்ப்பதில்லை. இரண்டு தண்டுகளும் தொடக்கத்திலிருந்து சுற்றிய சுற்றுகளின் எண்ணிக்கை, சுற்றின் பின்னம் உட்பட, சமமாக இருக்க வேண்டும். பேசும் படத்துக்காக உருவான மோட்டார் முறைகளை இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கிய பிறகு, அவை அனைத்தும் அந்த எண்ணிக்கையை எப்படிக் காப்பது என்ற ஒரே கேள்விக்கான வெவ்வேறு விடைகளாகத் தெரிந்தன.

மிக நேரான விடை, இரண்டையும் ஒரே தண்டில் கோப்பது. 1926இல் அரங்குகளுக்கு வந்த, படத்தின் ஒலியை இசைத்தட்டில் வைத்திருந்த வைட்டஃபோன் முறையில் 16 அங்குல இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழன்றது. 1000 அடி கொண்ட 35 மி.மீ. சுருள், நிமிடத்துக்கு 90 அடி வீதம் ஓடி முடியும் 11 நிமிடமும் ஒரே பக்கம் ஒலித்தது. நிமிடத்துக்கு 1200 சுற்று சுழலும் ஒரே மோட்டார் பல்சக்கரங்கள் வழியாகப் புரொஜெக்டரையும் தட்டையும் சேர்த்து ஓட்டியது. 1200ஐ 36ஆல் வகுத்தால் 33⅓ கிடைக்கும். ஊசி துள்ளாமலும் படம் அறுபடாமலும் இருக்கும்வரை அதில் பிழை சேர வழியே இல்லை.

ஆனால் இரண்டு கருவிகளும் அருகருகே இருக்க முடியாத இடங்கள் உண்டு. படப்பிடிப்பில் கேமரா ஒலிபுகாப் பெட்டிக்குள்ளும், ஒலிப்பதிவுக் கருவி வேறோர் அறையிலும் இருக்கும்; ஒரே காட்சியை மூன்று கேமராக்கள் படம் பிடிப்பதும் உண்டு. அவற்றையெல்லாம் இரும்புத் தண்டால் இணைக்க இயலாது. கம்பியால்தான் இணைக்க வேண்டும். வைட்டஃபோனுக்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சுத் திரைப்பட முன்னோடி லியோன் கோமோன் இதைச் செய்து காட்டினார். 1902இல் பிரெஞ்சு ஒளிப்படக் கழகத்தின் முன் அவர் காட்டிய குரோனோஃபோனில், ஒலி திரைக்கு அருகிலிருந்து எழ வேண்டும் என்பதால் இசைத்தட்டுக் கருவி முன்பக்கமும் புரொஜெக்டர் பின்பக்கமும் இருந்தன. இரண்டையும் ஓட்டிய நேர்மின்சார மோட்டார்களின் சுழலும் சுருள் தொகுதிகளான ஆர்மேச்சர்களைச் சம எண்ணிக்கையுள்ள பகுதிகளாகப் பிரித்து, ஒன்றின் ஒவ்வொரு பகுதியையும் மற்றொன்றின் அதே பகுதியோடு கம்பியால் இணைத்திருந்தார். அதனால் ஒரு மோட்டார் ஒரு கோணம் திரும்ப மற்றதும் அதே கோணம் திரும்பியே ஆக வேண்டும். பேசும் படம் என்ற தொழிலே பிறக்காத காலத்தில் இந்த மனிதர் வேகத்தைத் தாண்டிக் கோணத்தைப் பிடித்துவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மிகுந்த மரியாதை தோன்றுகிறது.

அடுத்த விடை ஒத்தியங்கு மோட்டார். இதன் ரோட்டார் காந்தப்புலத்தைத் துரத்துவதில்லை. அதனோடு பூட்டிக்கொண்டு சுற்றுகிறது. 50 ஹெர்ட்ஸில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்று, ஆறு துருவ மோட்டார் 1000 சுற்று. சுமை கூடினால் ரோட்டார் புலத்துக்குச் சில பாகை பின்னால் சாயுமே தவிர ஒரு சுற்றையும் இழக்காது. ஒரே மின்சாரத்தில் ஓடும் இரண்டு ஒத்தியங்கு மோட்டார்களுக்கு அந்த மின்சாரமே பொதுத் தண்டாகிவிடுகிறது. மின்வலையின் அலைவெண் 49.8 ஆகக் குறைந்தால் இரண்டும் சேர்ந்தே மெதுவாகின்றன; பத்து நிமிடப் படம் இரண்டரை விநாடி கூடுதலாக ஓடும், அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. 1500 சுற்றிலிருந்து 1440 பெறுவதற்கு 25க்கு 24 என்ற பல்சக்கர விகிதம் வேண்டும் என்பது ஒரு சிறு தொல்லை. 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் தொலைக்காட்சி விநாடிக்கு 25 ஃபிரேமைத் தேர்ந்துகொண்டதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை; ஆனால் 24இல் எடுத்த படத்தை 25இல் ஓட்டினால் குரல் சுமார் 4 விழுக்காடு உயர்ந்து ஒலிக்கும்.

ஒத்தியங்கு மோட்டாருக்கு உள்ள பெரிய குறை அதன் தொடக்கத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் இலேசான கருவி அரை விநாடியில் வேகம் பிடித்துவிடும். கனமான சமநிலைச் சக்கரம் கொண்ட ஒலிக் கருவிக்கு நான்கு விநாடி ஆகலாம். பூட்டிய பிறகு இரண்டும் எண்ணிக்கையைக் காக்கின்றன, ஆனால் பூட்டுவதற்கு முன் ஏற்பட்ட வித்தியாசத்தையும் சேர்த்தே காக்கின்றன. படப்பிடிப்பில் இது பெரிய இடையூறு அல்ல. இரண்டும் வேகம் பிடித்த பின் கிளாப் பலகையைத் தட்டினால், பலகை மூடும் ஃபிரேமையும் அதன் ஓசையையும் தொகுப்பின்போது பொருத்திக்கொள்ளலாம். தொடக்கக் குறியை வைத்துப் படத்தையும் ஒலியையும் ஏற்றித் திரையிடுபவருக்கோ, நின்ற நிலையிலிருந்தே இரண்டும் சேர்ந்து நகர வேண்டும்.

அதைச் செய்வது செல்சின் என்ற, கம்பியால் இணைத்தால் ஒன்றின் கோணத்தை மற்றொன்று பின்பற்றும் மோட்டார் போன்ற கருவி. தானாக ஒத்தியங்குவது என்ற பொருளுடைய ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வைத்த பெயர் இது. 1914இல் திறக்கப்பட்ட பனாமா கால்வாயின் கட்டுப்பாட்டு அறையில், மடைக் கதவுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காட்டும் குறிகாட்டிகள் இந்தத் தத்துவத்தில்தான் இயங்கின. பழைய கருவிகளிலிருந்து கழற்றிய இரண்டு சிறிய செல்சின்களை மேசையில் வைத்து இணைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அசையாப் பகுதியான ஸ்டேட்டரிலும் 120 பாகை இடைவெளியில் மூன்று சுருள்கள் இருக்கின்றன. அவற்றின் மூன்று முனைகளையும் மற்றதன் அதே முனைகளோடு இணைக்க வேண்டும். இரண்டு ரோட்டார்களுக்கும் ஒரே மாறுமின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். என்னுடையவை 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானவை. 50 ஹெர்ட்ஸில் அதே வோல்ட்டைக் கொடுத்தால் இரும்பு உள்ளகம் தெவிட்டிச் சுருள் சூடாகும் என்பதால் 96 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுத்தேன்.

மின்சாரம் பாய்ந்ததும் இரண்டு தண்டுகளும் ஒரு துள்ளலோடு ஒரே கோணத்தில் வந்து நின்றன. இடப்பக்கத் தண்டை இரு விரல்களால் திருப்பினேன். ஓர் அடி தள்ளி இருந்த வலப்பக்கத் தண்டு, நான் திருப்பிய அளவே, நான் திருப்பிய வேகத்திலேயே திரும்பியது. வலப்பக்கத் தண்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு இடப்பக்கத்தைத் திருப்பியபோது, இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சுருள்வில் ஒன்று முறுக்கேறுவதுபோல இரு கைகளிலும் எதிர்ப்புத் தெரிந்தது. முறுக்கு ஏற ஏற செல்சின்களின் முனகலும் உரத்தது. இரண்டு ரோட்டார்களும் ஒரே கோணத்தில் இருக்கும்போது இருபுற ஸ்டேட்டர்களிலும் தூண்டப்படும் மின்னழுத்தங்கள் சமமாகி ஒன்றையொன்று எதிர்ப்பதால் இணைப்புக் கம்பிகளில் மின்னோட்டமே இல்லை. கோணம் விலகியதும் மின்னழுத்தங்கள் மாறுபட்டு மின்னோட்டம் பாய்கிறது. அந்த மின்னோட்டம்தான் தண்டுகளை மீண்டும் ஒன்றை நோக்கி ஒன்றைத் திருப்புகிறது. மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றிப் போட்டால் வலப்பக்கத் தண்டு எதிர்த்திசையில் சுற்றும். ஒரு ரோட்டாரின் இரு முனைகளை மாற்றினால் சரியாக 180 பாகை விலகி நின்றுகொண்டு உண்மையாகப் பின்தொடரும். இரண்டு தவறுகளையும் நான் செய்தேன், இரண்டிலும் நிறையக் கற்றேன்.

படப்பிடிப்பு நிலையங்களும் ஒலிக்கலவை அரங்குகளும் பயன்படுத்திய பூட்டு மோட்டார்கள் இதே தத்துவத்தின் ஆற்றல் மிகுந்த வடிவம். மும்முனை மின்சாரத்தை எல்லா மோட்டார்களின் ஸ்டேட்டர்களுக்கும் கொடுத்து, ரோட்டார் சுருள்களை, சுழலும் தண்டோடு மின்தொடர்பு தரும் நழுவு வளையங்கள் வழியாக ஒன்றோடொன்று இணைப்பார்கள். தலைமை மோட்டார் ஒன்றைத் தனி மோட்டார் ஓட்ட, கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, புரொஜெக்டர் அனைத்தும் நின்ற நிலையிலிருந்து அதனுடன் சேர்ந்து கிளம்பி, சேர்ந்தே வேகம் பிடித்து, சேர்ந்தே நிற்கும். இங்கே என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்த ஒரு நுட்பம் உண்டு. ரோட்டார் காந்தப்புலத்தின் திசையிலேயே வேகமாகச் சுற்றினால், புலத்துக்கும் ரோட்டாருக்கும் உள்ள வேக வேறுபாடு சுருங்கி, ரோட்டாரில் தூண்டப்படும் மின்னழுத்தமும் சுருங்கிவிடும். 1500 சுற்றுப் புலத்தில் 1440 சுற்று ஓடும் ரோட்டாருக்கு மிஞ்சுவது 4 விழுக்காடு மட்டுமே, அதைக் கொண்டு எதையும் பிடித்து நிறுத்த முடியாது. புலத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டினால் அதே வேறுபாடு 196 விழுக்காடாகி, பிடிப்பு உறுதியாகிறது. தொடங்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கோணம் விலகி நிற்கும் மோட்டாருக்கு எடுத்த எடுப்பில் மும்முனை மின்சாரம் கொடுத்தால் அது பூட்டிக்கொள்ளாமல் சாதாரணத் தூண்டல் மோட்டாராகச் சுழன்று ஓடத் தொடங்கலாம்; ஆகவே முதலில் ஒருமுனை மின்சாரத்தால் எல்லாத் தண்டுகளையும் நேர்ப்படுத்தி, பிறகே மும்முனையைக் கொடுத்து, அதன் பின் தலைமை மோட்டாரைக் கிளப்புவார்கள்.

காந்த நாடா வந்தபோது கேள்வி வேறு வடிவம் எடுத்தது. கால் அங்குல நாடாவில் துளைகள் இல்லை. அது உருளைகளுக்கு இடையே நழுவும், நீளும், ஈரப்பதத்தில் மாறும். மோட்டாரைப் பூட்டினாலும் நாடாவைப் பூட்ட முடியாது. 1950களில் பரவிய பைலட் டோன் முறை துளைகளை மின்சாரத்தால் வரைந்தது என்று சொல்லலாம். கேமரா மோட்டாரோடு சுழலும் சிறு மின்னாக்கி, விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் தரும்; அதாவது ஒரு ஃபிரேமுக்கு இரண்டு அலை. அந்த அலை கேபிள் வழியாக வந்து ஒலியோடு சேர்ந்து நாடாவில் பதியும். பின்னர் நாடாவைத் துளையிட்ட காந்தச் சுருளுக்கு மாற்றும்போது, பதிந்த அலையும் ஒப்பீட்டு அலையும் கட்டத்தில் ஒன்றும்படி, அதாவது ஒரே கணத்தில் ஏறி இறங்கும்படி, நாடாவின் வேகத்தைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஸ்டெஃபான் குடெல்ஸ்கி உருவாக்கிய நாக்ரா கருவிகளில் வந்த நியோபைலட் ஏற்பாடு இவற்றுள் மிக அழகானது. நாடாவின் நடுவே இரண்டு குறுகிய தடங்களில் அதே அலை எதிரெதிர்க் கட்டங்களில் பதிவதால், முழு அகல ஒலித் தலை படிக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிட, ஒலியில் முனகல் கேட்பதில்லை. கேமராவிலும் ஒலிப்பதிவுக் கருவியிலும் தனித்தனிக் குவார்ட்ஸ் படிகங்கள் வந்த பிறகு கேபிளும் தேவையற்றுப் போனது. பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிழையுள்ள படிகம் 11 நிமிடச் சுருளில் 7 மில்லி விநாடிதான் விலகும்.

என் மேசைக்குத் திரும்புகிறேன். என் செல்சின்களுக்கு ஒரு முள்ளைத் திருப்பும் வலிமைதான் உண்டு. பெரிய பூட்டு மோட்டார்களும் அவற்றுக்கான மும்முனை இணைப்பும் என்னிடம் இல்லை. ஆகவே செல்சின் கம்பியில் பாயும் மின்னோட்டத்தின் வேலையை, எண்ணிக்கை வைக்கும் கருவியான எண்ணி ஒன்றுக்குக் கொடுத்தேன். புரொஜெக்டர் தண்டிலும் ஒலிக் கருவித் தண்டிலும் ஒரு சுற்றுக்கு 200 துடிப்புத் தரும் கோண உணரிகளைப் பொருத்தி, படத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றைக் கூட்டி, ஒலியின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றைக் கழிக்கும் எண்ணியை அமைத்தேன். மீதியாக நிற்கும் எண்ணே ஒலிக் கருவியின் நேர்மின்சார மோட்டாருக்கு எவ்வளவு விசை தேவை என்பதைச் சொல்கிறது. முதல் ஓட்டத்தில் மீதி 40 அளவில் நின்றது. ஒரு ஃபிரேமில் ஐந்தில் ஒரு பங்கு, 8 மில்லி விநாடி. சுமையைச் சுமக்க அந்தச் சாய்வு தேவைப்படுகிறது. ஒத்தியங்கு மோட்டாரின் ரோட்டார் புலத்துக்குப் பின்னால் சாய்வதும் இதனால்தான்.

அந்தச் சாய்வைக் குறைக்க விசையைக் கூட்டினேன். கூட்டியதும் ஊசலாட்டம் தொடங்கியது. படத்தின் முகப்பில் வரும் பியானோ ஒலியில் நீண்டு ஒலிக்க வேண்டிய ஒரு சுரம், தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல மேலும் கீழும் நடுங்கியது. சமநிலைச் சக்கரம் இலக்கைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிக்கொண்டிருந்தது. மீதி எவ்வளவு என்பதோடு அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்து மோட்டாரை முன்கூட்டியே தளர்த்திய பிறகுதான் சுரம் நேராக நின்றது. ஒத்தியங்கு மோட்டார்களின் ரோட்டாரில் தடுப்புச் செப்புத் தண்டுகளைப் பதிப்பதும் இதே ஊசலாட்டத்தை அடக்கத்தான். பின்னர் மீதியைச் சிறிது சிறிதாகத் திரட்டிச் சேர்க்கும் பகுதி ஒன்றையும் இணைத்ததில் நிலையான சாய்வும் மறைந்தது.

நேற்று முழுச் சுருளையும் ஓட்டினேன். 16,000 ஃபிரேம், 32 லட்சம் துடிப்பு. தண்டுகள் நின்றபோது எண்ணியில் 3 என்று இருந்தது. தச்சர் சுத்தியலைக் கீழே வைத்தபின் ஓர் ஓசையும் எழவில்லை. ஆயினும் ஏழாம் நிமிடத்தில் வரும் ஓர் ஒட்டுக்குப் பிறகு உளியின் ஓசை மீண்டும் சற்றுப் பிந்திக் கேட்கிறது. ஒட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். என்றோ படம் அறுந்தபோது கிழிந்த ஃபிரேம்களை வெட்டிவிட்டு மீதியை ஒட்டியிருக்கிறார்கள். வைட்டஃபோன் காலத்துத் திரையிடுநர்கள் படம் அறுந்தால் இழந்த நீளத்துக்குச் சமமாகக் கறுப்பு ஃபிலிமைச் சேர்த்து ஒட்டுவார்கள், இல்லையென்றால் தட்டும் படமும் அந்தச் சுருள் முடியும்வரை பொருந்தாது. உளி மரத்தில் படும் ஃபிரேமையும் காந்தச் சுருளில் அந்த ஓசை தொடங்கும் துளையையும் அடையாளமிட்டு எண்ணியதில் ஐந்து ஃபிரேம் குறைகிறது. ஐந்து கறுப்பு ஃபிரேம்களை வெட்டி எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்; பசை உலர்வதற்கு ஓர் இரவு வேண்டும்.